இழுத்தடிப்புக்குப் போட்ட கடிவாளம்

மாலை வெளிச்சம் மங்கிக் கொண்டிருக்கும். ஒரு பாயிண்டு முன்னால் நிற்கும் அணியைச் சேர்ந்தவர் பந்தை ஓங்கி ஓர் அடி அடிப்பார். அது மைதானத்தைத் தாண்டி மரச்சீனி விளைக்குள் போய் விழும். எடுத்து வரப் போனவர் லேசில் திரும்ப மாட்டார். இன்னொருவருக்குத் திடீரென்று கால் நரம்பு பிடித்துக் கொள்ளும். மூன்றாமவர் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். எதிர் அணிக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்து கொண்டு கத்துவார்கள். இருட்டு வந்து விடும். ஆட்டமும் முடிந்து விடும்.

அமரவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து மைதானங்களில் பந்தாட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சியை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டு வழக்கில்தான் இழுத்தடிப்பு உண்டு என்றில்லை, விளையாட்டிலும் உண்டு. வழக்கில் வாய்தா வாங்குகிறவர் எந்தக் கணக்கில் வாங்குகிறாரோ அதே கணக்குத்தான் இங்கும். நேரம் யார் பக்கம் இருக்கிறதோ, அவர் ஆட வேண்டிய அவசியம் இல்லை!

இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய விளையாட்டு கூடைப்பந்து. மருந்து கண்டுபிடிக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது பலருக்குத் தெரியாது. இன்றைக்குப் பலகையின் மேல் 24, 23, 22 என்று சிவப்பு எழுத்தில் இறங்கிக் கொண்டே வரும் கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள், அது ஆட்டத்தோடு கூடவே பிறந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

முதல் சட்டத்திலேயே இருந்தது!

1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஆடுவதற்காக இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள், ஒரு பந்து, 13 விதிகள். அவ்வளவுதான் முதலீடு. கூடைக்கு அடியில் துவாரம் இல்லாததால், பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டும். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை என்பதால் ஏணிக்கு அதிக வேலை இல்லை!

அந்த 13 விதிகளில் ஒன்பதாவதைப் பாருங்கள். வெளியே போன பந்தை உள்ளே எறிகிறவருக்கு 5 விநாடி அவகாசம். அதற்கு மேல் வைத்திருந்தால் பந்து எதிர் அணிக்குப் போய் விடும். அதோடு விடவில்லை நெய்ஸ்மித். எந்த அணியாவது தொடர்ந்து ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால், நடுவர் அந்த அணி மீது பவுல் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். எதிரி இடையில் ஒரு பவுலும் செய்யாதிருக்க ஓர் அணி மூன்று பவுல் தொடர்ந்து செய்தால், எதிரிக்கு ஒரு கூடை இலவசம். ஆக, இழுத்தடித்தால் கூடையே பறி போகும் என்பதுதான் ஆதி சட்டம்.

சட்டம் போட்டவருக்கு மனிதன் எப்படிப்பட்டவன் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இருந்தும் அந்த விதி பலிக்கவில்லை. காரணம் எளிது. அந்த ஒரே விதிக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 5 விநாடி என்பது எண்ணிக்கை. "தொடர்ந்து தாமதப்படுத்தினால்" என்பது அபிப்பிராயம். எண்ணிக்கையை எந்த நடுவரும் சொல்லி விடலாம். அபிப்பிராயத்தைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அதிலும் சொந்த ஊர் அணி ஒரு பாயிண்டு முன்னால் நிற்கும்போது, ஊர்க்காரர்கள் நாலு பக்கமும் நிற்கும்போது! பந்தை ஒருவருக்கொருவர் நிதானமாகக் கொடுத்து வாங்குவது தாமதமா, திறமையா? எந்த நடுவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்?

5 விநாடி விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. அபிப்பிராய விதிதான் பல்லில்லாத பாம்பாகிப் போயிற்று.

நடுக்கோடு வந்த கதை

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடு வட்டத்துக்குக் கொண்டு வந்து, இரண்டு பேரைத் தாண்டிக் குதிக்கச் செய்வார்கள். ஆட்டம் அடிக்கடி நின்றது. உயரமான ஆள் உள்ள அணிக்கே பந்து போயிற்று. 1937-38 பருவத்தில்தான் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இதை எடுத்தார்கள்.

அதற்கு முன்பே வேறொரு தந்திரம் தலைதூக்கி விட்டது. முன்னால் நிற்கும் அணி தன் சொந்தப் பாதிக்குள்ளேயே பந்தை வைத்துக் கொண்டு நிற்கும். எதிரி வந்தால் இந்த மூலை, அங்கே வந்தால் அந்த மூலை. களம் முழுவதும் ஐந்து பேர் துரத்தி ஒரு பந்தைப் பிடிக்க முடியுமா? எனவே 1932-33 பருவத்தில் களத்தின் நடுவே குறுக்குக் கோடு இழுத்து, பந்து கையில் கிடைத்த 10 விநாடிக்குள் அதைத் தாண்டியாக வேண்டும் என்றார்கள். தாண்டிய பிறகு திரும்பி வரவும் கூடாது.

எல்லைக்கோட்டின் மகிமையைப் பற்றி அமரவிளைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்! 1956 நவம்பர் 1-ந்தேதி போட்ட ஒரு கோட்டினால்தானே அண்ணன் வீடு கன்னியாகுமரி மாவட்டத்திலும் தம்பி வீடு நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் ஆயிற்று? கூடைப்பந்துக் கோடு அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் ஒளிந்து கொள்ளும் இடத்தைப் பாதியாகக் குறைத்து விட்டது.

பாதிதான் குறைத்தது. மீதிப் பாதிக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பந்தை வைத்திருக்கலாம். தன்னை நெருங்கி ஒருவர் மறிக்கும்போது 5 விநாடிக்கு மேல் பந்தைப் பிடித்துக் கொண்டு நிற்கக் கூடாது என்ற விதி உண்டு. ஆனால் நெருங்குவதற்குள் பந்து அடுத்தவர் கைக்குப் போய் விடுமே!

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விதிகளில் ஒரு விசித்திரமான ஏற்பாடு வெகுகாலம் இருந்தது. ஆட்டம் சும்மா நின்றால், பின்தங்கி இருக்கும் அணிதான் முன்வந்து நெருக்க வேண்டும். வராமல் கை கட்டிக் கொண்டு நின்றால் நடுவர் எச்சரிப்பார். பிறகு டெக்னிக்கல் பவுல் கொடுப்பார். பொருளை வைத்திருப்பவன் மேல் குற்றமில்லை, துரத்தாதவன் மேல்தான் குற்றம்! வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னால் இருப்பவன் ஏன் வலியச் சென்று ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

19-க்கு 18

1950 நவம்பர் 22-ந்தேதி மினியாபொலிஸ் நகரில் நடந்த ஆட்டம்தான் இந்த விஷயத்தைச் சந்திக்கு இழுத்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் என்.பி.ஏ. போட்டி. உள்ளூர் லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற மாமலை. அவரை அந்தக் காலத்தில் யாராலும் தடுக்க முடியாது. எதிரே வந்த போர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி ஒரு முடிவோடு வந்தது. மைக்கனிடம் பந்து போனால்தானே கூடை விழும்? பந்தை நாமே வைத்துக் கொண்டால்?

அப்படியே செய்தார்கள். ஏறத்தாழ 7 ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்க, பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தைப் பிடித்துக் கொண்டு நின்றார்கள். கூச்சல் கிளம்பியது. அவர்கள் அசையவில்லை. 48 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து போட்டது 8 கூடை. மற்றதெல்லாம் பவுலுக்குக் கிடைத்த இலவச எறிகள். கடைசிக் கால் பகுதியில் பிஸ்டன்ஸ் 3, லேக்கர்ஸ் 1. இறுதிச் சில விநாடிகளில் லாரி பௌஸ்ட் போட்ட கூடையால் 19-க்கு 18 என்று பிஸ்டன்ஸ் வென்றது. லேக்கர்ஸ் எடுத்த 18-ல் 15 மைக்கனுடையது!

என்.பி.ஏ. வரலாற்றில் இதைவிடக் குறைந்த ஸ்கோர் இன்றுவரை இல்லை.

ரசிகர்கள் ஏமாந்தார்கள், சரி. ஆனால் பிஸ்டன்ஸ் எந்த விதியை மீறியது? ஒன்றையும் மீறவில்லை. பலசாலியோடு மல்லுக்கு நின்றால் தோற்பது நிச்சயம். நிற்காமல் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததற்குக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? இந்தக் கேள்விக்கு நேரடியான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை.

பவுல் திருவிழா

இழுத்தடிப்பினால் வந்த வினை இதோடு நிற்கவில்லை. முன்னால் நிற்கும் அணி பந்தைக் கொடுக்காவிட்டால், பின்னால் நிற்கும் அணிக்கு ஒரே வழி, வேண்டுமென்றே பவுல் செய்வது. எதிரி இலவச எறிக்குப் போவார். அது முடிந்ததும் பந்து நமக்கு. உடனே அவர்களும் நம் மேல் பவுல் செய்வார்கள். ஆட்டம் போய், வரிசையில் நின்று ஒவ்வொருவராக எறியும் சடங்கு வந்து விட்டது.

1953 மார்ச் 21-ந்தேதி பாஸ்டன் அணியும் சைரக்யூஸ் அணியும் மோதின. நான்கு முறை கூடுதல் நேரம் கொடுக்கும்படி ஆயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பவுல்கள். பாஸ்டன் வீரர் பாப் கௌசி 50 பாயிண்டு எடுத்தார். அதில் 30 இலவச எறியில் வந்தவை! கௌசி மகா நிபுணர்தான். ஆனால் அதைக் காண்பதற்கா ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்?

2880-ஐ 120-ஆல் வகுத்தால்...

சைரக்யூஸ் அணியின் சொந்தக்காரர் டேனி பியாசோன். இத்தாலியிலிருந்து குடியேறியவர். பௌலிங் எனப்படும் குண்டு உருட்டும் ஆட்டக்கூடம் நடத்தி வந்தவர். அவரும் அணி நிர்வாகி லியோ பெரிசும் சேர்ந்து போட்ட கணக்கு, கடைத்தெருக் கணக்கைப் போல எளிதானது.

ஜனங்கள் ரசித்த நல்ல ஆட்டங்களில் ஓர் அணி எத்தனை முறை கூடையை நோக்கி எறிகிறது? சுமார் 60. இரு அணிக்கும் 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. 120-ஆல் வகுத்தால் 24. ஆகவே பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு. வேறு எந்த சாஸ்திரமும் இதில் இல்லை.

1954 ஆகஸ்டில் சைரக்யூசில் ஒரு பள்ளிக்கூட ஆடுகளத்தில் ஒத்திகை பார்த்தார்கள். அக்டோபர் 30-ந்தேதி முதல் விதி அமலுக்கு வந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரி, முந்தைய பருவத்தில் 79.5, இப்போது 93.1. அதே பருவத்தில் இன்னொன்றும் செய்தார்கள். கால் பகுதிக்கு ஓர் அணி 6 பவுலுக்கு மேல் செய்தால் கூடுதல் தண்டனை. ஒரு கதவை மூடினால் மறு கதவு வழியாக வருவான் என்பதை அறிந்து, இரண்டையும் சேர்த்தே அடைத்தார்கள்.

இனிமேல்தான் கதையின் சுவை இருக்கிறது. அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி, 1955 ஏப்ரல் 10. மோதியவர்கள் பியாசோனின் சைரக்யூஸ் அணியும், 19-18 புகழ் போர்ட் வெய்ன் பிஸ்டன்சும்! தொடர் மூன்றுக்கு மூன்று, ஏழாவது ஆட்டம். பிஸ்டன்ஸ் 41-24 என்று 17 பாயிண்டு முன்னால் போய் விட்டது. பழைய காலமாக இருந்தால் பந்தை மடியில் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடிகாரம் விடவில்லை. எறிந்தே ஆக வேண்டும். எறிந்தால் சில தவறும். தவறினால் பந்து கை மாறும். சைரக்யூஸ் படிப்படியாக ஏறி வந்து 92-91 என்று ஒரே பாயிண்டில் கோப்பையைத் தட்டிச் சென்றது.

உலக விதி

சர்வதேச அரங்கிலும் இதே தொல்லைதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கா முதலில் 86-58 என்று எளிதாக வென்றது. சில நாளில் இறுதிப் போட்டியில் மறுபடி சந்தித்தபோது, சோவியத் அணி பந்தை நிதானமாகச் சுற்றி நேரத்தைப் போக்கியது. அமெரிக்கா வென்றது என்னவோ உண்மை; ஆனால் 36-25 என்றுதான் வெல்ல முடிந்தது. 1956-ல் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம் 30 விநாடி விதியைக் கொண்டு வந்தது.

நம் நாட்டுக்குக் கூடைப்பந்து வந்து வேரூன்றியதும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்பயிற்சிப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. அங்கு படித்து வெளியேறிய டிரில் மாஸ்டர்கள் தென்னாடெங்கும் பரவினார்கள். ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934-ல் நடந்தது. இந்திய சம்மேளனம் 1950-ல் அமைந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணி ஆடியபோது அமலில் இருந்தது 30 விநாடி விதி. அன்றைக்கு மேசையில் அதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்து, 30 விநாடியை மட்டும் பார்த்துக் கொண்டிருப்பார்.

ஏழைக்கு ஆயுதமா?

அமெரிக்கக் கல்லூரிகள் மட்டும் வெகு நாள் பிடிவாதம் பிடித்தன. அவர்களுடைய வாதம்: கடிகாரம் வைத்தால் பெரிய அணிக்கே லாபம். உயரமான ஆட்கள், நல்ல பயிற்சி, பணம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. எறி வாய்ப்பு அதிகமாக அதிகமாகத் திறமைசாலியே ஜெயிப்பான். குறைத்தால்தான் சின்னக் கல்லூரி எப்போதாவது பெரிய கல்லூரியைக் கவிழ்க்க முடியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1968 மார்ச் 8-ந்தேதி நார்த் கரோலினா ஸ்டேட் அணி, டியூக் அணியை 12-10 என்று வென்றது. கூடைப்பந்தா, கால்பந்தா என்று கேட்கத் தோன்றும் ஸ்கோர்! அது ஏழையின் வெற்றி என்றே வைத்துக் கொள்வோம்.

ஆனால் ஆயுதம் ஏழையின் கையிலேயே இருந்ததா? நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், நான்கு பேரை நான்கு மூலையில் நிறுத்தி ஒருவரை நடுவில் விட்டுப் பந்தைச் சுற்றும் முறைக்குப் பேர் போனவர். அவருடையது ஏழை அணி அல்ல. 1982-ல் ஏ.சி.சி. கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் அவர் அணியில் மைக்கேல் ஜோர்டானும் ஜேம்ஸ் வொர்தியும் இருந்தார்கள். எதிரே வர்ஜீனியா அணியில் ரால்ப் சாம்ப்சன். நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்க்க, கடைசிப் பல நிமிடங்கள் ஒருவரும் எறியவில்லை. 47-45. இத்தனை பெரிய ஆட்டக்காரர்களைக் களத்தில் வைத்துக் கொண்டு சும்மா நிற்பதா என்று ஆத்திரம் எழுந்தது. 1985-86 பருவத்தில் 45 விநாடி விதி வந்தது. 1993-ல் அது 35 ஆயிற்று, 2015-ல் 30.

என் அபிப்பிராயத்தில், கல்லூரிக்காரர்களின் வாதம் அன்றே உடைந்து விட்டது. முன்னால் நிற்பவனுக்குப் பயன்படும் ஆயுதம் எப்போதும் பலசாலிக்கே அதிகம் பயன்படும். ஏனென்றால் அவன்தான் அதிக நேரம் முன்னால் நிற்கிறான். பிஸ்டன்சின் 19-18 வருஷத்துக்கு ஒரு முறை வரும் அதிசயம். இருந்தாலும் அந்த அதிசயத்துக்கு இருந்த வாசல் அடைபட்டது நஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

சடுகுடுவில் மூச்சே கடிகாரம்

இவ்வளவு தூரம் அமெரிக்காவைச் சுற்றியவர்கள் நம் வீட்டு முற்றத்துச் சடுகுடுவைக் கவனிக்க வேண்டும். பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். மூச்சு அறுந்தால் அவுட். எந்தக் கடிகாரமும் வேண்டாம். அவனவன் நெஞ்சுக்கூடே கடிகாரம். எதிரி களத்தில் நிற்கும் நேரத்துக்கு இயற்கையே வரம்பு கட்டி விட்டது. இழுத்தடிக்க நினைப்பவன் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான்!

அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள் நம்மவர்கள். முன்னால் நிற்கும் அணிக்காரன் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து விட்டுத் திரும்பி விடுவான். ஆகவே எதிரி களத்தில் குறுக்கே போட்ட கோடு ஒன்றைத் தாண்டியே திரும்ப வேண்டும் என்று கபடியில் விதி வந்தது, தாண்டாவிட்டால் அவுட். அடுத்த ஆளை அனுப்ப 5 விநாடிதான். பாட்டுக்கும் இப்போது 30 விநாடி வரம்பு. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஓர் அணியின் இரண்டு பாட்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் பாயிண்டு எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் போனவன் அவுட். கோடு, விநாடி, கட்டாயம். கூடைப்பந்து நடந்து வந்த அதே பாதை!

இன்றைய கணக்கு

2000-ஆம் ஆண்டில் உலக சம்மேளனம் 30 விநாடியை 24 ஆக்கியது. நடுக்கோட்டைத் தாண்டும் 10 விநாடியை 8 ஆக்கியது. எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, எறிந்த அணியிடமே கிடைத்தால் இப்போது முழு 24 கிடையாது, 14 தான். பியாசோன் 1992-லேயே காலமாகி விட்டார். கூடைப்பந்தின் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டதும் அதே 2000-ல்தான்.

கடிகாரம் பிறந்த அமெரிக்காவிலேயே பள்ளிக்கூட ஆட்டத்துக்கு அது கட்டாயம் அல்ல. 2022-23 முதல், விரும்பும் மாநிலம் 35 விநாடி வைத்துக் கொள்ளலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். மின்கடிகாரத்துக்குப் பணம் வேண்டும், அதை இயக்கப் பழகிய ஆள் வேண்டும் என்பது அங்கும் பிரச்சினைதான்.

பலகையில் கடிகாரம் இல்லாத மைதானத்தில் ஆடும் நம் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். உள்ளே எறிய 5 விநாடி, நெருங்கி மறித்தால் 5 விநாடி, நடுக்கோட்டுக்கு 8 விநாடி. இவற்றுக்குக் கடிகாரமே வேண்டாம், நடுவர் மனத்துக்குள் எண்ணிக் கையை வீசிக் காட்டுவார். 24 விநாடிக்கு மேசையில் ஸ்டாப் வாட்சோடு ஒருவர் உட்கார்ந்தால் போதும். தான் கூடை போட்டதும் எதிரி பந்தை எடுத்து எறிய விடாமல் அதைத் தட்டி விடும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. முதல் முறை எச்சரிக்கை. அடுத்த முறை டெக்னிக்கல் பவுல், எதிரிக்கு ஓர் இலவச எறி. ஒரு பாயிண்டு முன்னால் நிற்கும்போது அந்த ஓர் எறி போதும், ஆட்டம் சமமாகி விடும்.